மோவாபியன் என்றால் மோவாபியப் பெண்ணும் சேர்த்தியா?

பைபிள் முரண்பாடுகள் என்று ஒரு பட்டியல் பல வருடங்களாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். இடது பக்கம் ஒரு வசனம், வலது பக்கம் அதற்கு நேர் எதிரான இன்னொரு வசனம். அதில் யூதரல்லாதவர்களைப் பற்றிய பகுதி எப்போதும் கொஞ்சம் நீளமாகவே இருக்கும். உபாகமம் 23:3-இன்படி மோவாபியன் பத்தாம் தலைமுறையானாலும் கர்த்தருடைய சபைக்குள் வரக்கூடாது. ஆனால் ரூத் 4-இன்படி தாவீது ராஜாவின் கொள்ளுப்பாட்டியே மோவாபியப் பெண். எஸ்றா 10-இல் அந்நிய மனைவிகளை அனுப்பிவிடுகிறார்கள். ஏசாயா 56-இல் அந்நியருக்கு ஆலயத்திலேயே இடம் கிடைக்கிறது. மத்தேயு 10:5-இல் புறஜாதியாரிடம் போகாதே என்று கட்டளை, 28:19-இல் எல்லா ஜாதிகளிடமும் போ என்று கட்டளை.

இதற்குப் பதில் சொல்பவர்களிடமும் தயாரான பதில்கள் உண்டு. ரூத் மதம் மாறிவிட்டாள். எஸ்றா எதிர்த்தது இனத்தை இல்லை, விக்கிரக வழிபாட்டை. மத்தேயுவில் முதல் கட்டளை தற்காலிகம், இரண்டாவது நிரந்தரம். முடிந்தது.

இரண்டு தரப்பையும் கொஞ்ச நாள் வரிசையாக வாசித்துவிட்டு, தமிழ் பைபிளையும் எபிரேயச் சொல்லுக்குச் சொல் பொருள் தரும் பதிப்பு ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த வசனங்களைப் பார்த்தேன். எனக்கு என்ன தோன்றியது என்றால், இரண்டு தரப்பும் ஒரே அனுமானத்தில் நிற்கிறார்கள். முழுப் புத்தகத்தையும் ஒரே ஆள் ஒரே மூச்சில் எழுதிய கையேடு மாதிரி படிக்கிறார்கள். ஒருவருக்கு அதில் பிழை கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம். இன்னொருவருக்கு அந்தப் பிழைக்கு ஒட்டுப்போட்டுவிட்டோம் என்ற நிம்மதி. இந்த வசனங்களை எழுதியவர்களுக்கே எதிர்த் தரப்பு இருப்பது தெரியும், தெரிந்தேதான் எழுதினார்கள் என்ற சாத்தியத்தை யாரும் எடுத்துக்கொள்வதில்லை. வசனங்களைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது.

முதலில் உபாகமம் 23. மோவாபியனுக்கும் அம்மோனியனுக்கும் தடை. காரணமும் அடுத்த வசனத்திலேயே இருக்கிறது. எகிப்திலிருந்து வந்தபோது அவர்கள் அப்பமும் தண்ணீரும் கொண்டு எதிர்கொண்டு வரவில்லை, போதாக்குறைக்குச் சபிக்கச் சொல்லி பிலேயாமைக் கூலிக்கு அமர்த்தினார்கள். சரி. இப்போது அதே உபாகமத்தில் 2:28-29-க்குப் போங்கள். மோசே எமோரிய ராஜாவான சீகோனிடம் ஆள் அனுப்பி, காசுக்கு உணவும் தண்ணீரும் கொடு என்று கேட்கிறார். சேயீரில் இருக்கும் ஏசாவின் சந்ததியாரும் ஆர் பட்டணத்து மோவாபியரும் எனக்கு அப்படித்தான் செய்தார்கள் என்று உதாரணமும் காட்டுகிறார். அதாவது மோவாபியர் கொடுத்திருக்கிறார்கள். விற்றது வேறு, எதிர்கொண்டு வந்து உபசரிப்பது வேறு என்று இதற்கும் ஒரு விளக்கம் உண்டு. வைத்துக்கொள்வோம். ஆனால் எண்ணாகமம் 20-இல் ஏதோமியர் தண்ணீர் தர மறுத்தது மட்டுமில்லை, பெரும் படையோடு எதிர்த்தே வந்தார்கள். அந்த ஏதோமியனுக்கு உபாகமம் 23:7-8 மூன்றாம் தலைமுறையில் கதவைத் திறக்கிறது, அவன் உன் சகோதரன் என்று சொல்லி. தண்ணீர்க் கணக்கை ஒழுங்காகப் போட்டால் ஏதோமியன் வெளியேயும் மோவாபியன் உள்ளேயும் இருக்க வேண்டும்.

ஆகவே தடைக்குச் சொல்லப்பட்ட காரணம் தடையைத் தாங்கவில்லை. தடை முதலில் இருந்து காரணம் பிறகு வந்திருக்கலாம். பக்கத்து நாட்டுப் பகைக்குக் காரணம் சொல்லும் எந்தக் கதையும் அப்படித்தானே இருக்கும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு ரூத்துக்கு வாருங்கள். நான்கே அதிகாரம், 85 வசனம். தேநீர் ஆறுவதற்குள் படித்துவிடலாம். ரூத் என்ற பெயரோடு மோவாபியப் பெண் என்ற அடையாளம் ஐந்து முறை ஒட்டிக்கொண்டு வருகிறது (1:22, 2:2, 2:21, 4:5, 4:10). இது தவிர போவாஸின் வேலைக்காரனும் அவளை அப்படித்தான் அறிமுகப்படுத்துகிறான். 2:21-ஐப் பாருங்கள். ரூத் பேசுவது மாமியார் நகோமியிடம், வீட்டுக்குள். மருமகள் எந்த ஊர்க்காரி என்று நகோமிக்குத் தெரியாதா? ஆசிரியர் வாசகருக்காகச் சொல்கிறார். மறந்துவிடாதே, இவள் மோவாபியப் பெண், சட்டம் என்ன சொல்கிறது என்று உனக்குத் தெரியும் என்று இடித்துக்கொண்டே இருக்கிறார். ஊர் வாசலில் பெரியவர்கள் முன்னால் போவாஸ் அவளை மணப்பதாக அறிவிக்கும் 4:10 வரைக்கும் அது தொடர்கிறது. கல்யாணம் ஆகும் 4:13-இலிருந்து அந்த அடைமொழி காணாமல் போகிறது.

இன்னொன்று. மோவாப் மீதான குற்றச்சாட்டு அப்பம் கொடுக்கவில்லை என்பது. கதை நடக்கும் ஊர் பெத்லெகேம். அந்தப் பெயருக்கு அப்ப வீடு என்று பொருள். அப்ப வீட்டில் பஞ்சம் வந்து, ஒரு யூதக் குடும்பம் பிழைக்கப் போவது மோவாபுக்கு. மோவாப் அவர்களை விரட்டவில்லை. பத்து வருடம் வைத்திருக்கிறது. கணவனையும் இரண்டு மகன்களையும் இழந்து திரும்பி வரும் நகோமிக்குச் சோறு போடுவது யார்? கதிர் பொறுக்கி, தட்டி அளந்து, தான் சாப்பிட்டு மீதி வைத்ததையும் எடுத்து வந்து மாமியாருக்குக் கொடுக்கும் (2:17-18) மோவாபியப் பெண். உபாகமத்தின் குற்றச்சாட்டு ஆசிரியருக்குத் தெரியாமல் இவ்வளவு பொருத்தமாக எழுதியிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு வசனத்தைக்கூட மேற்கோள் காட்டாமல் முழு வழக்கையும் வாதாடிவிடுகிறார்.

ரூத் மதம் மாறினாள், ஆகவே முரண்பாடு இல்லை என்பவர்களுக்கு ஒரு கேள்வி. உபாகமம் 23:3-இல் மதம் மாறினால் விலக்கு என்று ஒரு வார்த்தை எங்கே இருக்கிறது? பத்தாம் தலைமுறை என்று சொன்னது போதாதென்று என்றைக்கும் என்றும் சேர்த்திருக்கிறது. தாவீது ரூத்துக்கு மூன்றாம் தலைமுறை. அந்த விலக்கை நாம்தான் உள்ளே கொண்டுபோய் வைக்கிறோம். முதலில் வைத்தது நாமும் இல்லை. பழைய யூத ரப்பிகளே இதில் மாட்டிக்கொண்டு தவித்திருக்கிறார்கள். அவர்கள் மழுப்பாமல் சண்டை போட்டார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்தது.

மிஷ்னாவின் யெவாமோத் பகுதி (8:3) தரும் தீர்வு இலக்கணத் தீர்வு. சட்டத்தில் இருப்பது ஆண்பால். ஆகவே மோவாபியன் கூடாது, மோவாபியப் பெண்ணுக்கு உடனே அனுமதி. தமிழில் யோசித்தால் இதன் சிக்கல் சட்டென்று புரியும். தமிழன் என்று ஒரு சட்டத்தில் எழுதினால் தமிழச்சியும் அதில் வருவாளா? மேடைப் பேச்சில் வருவாள். ரேஷன் கடைப் படிவத்தில் வருவாளா என்பது அங்கே உட்கார்ந்திருப்பவரைப் பொறுத்தது. எபிரேயத்திலும் அதே கதைதான். ஆண்பாலை வைத்து எல்லோரையும் சொல்லும் வழக்கம் அங்கேயும் உண்டு.

தல்மூத் (யெவாமோத் 76-77) இதை ஒரு நாடகமாகவே காட்டுகிறது. சவுல் ராஜாவின் அவையில் தோவேக்கு என்பவர் தாவீதின் பிறப்பைக் கேள்வி கேட்கிறார். மோவாபியப் பெண் வழி வந்தவன், சபைக்குள் வரத் தகுதி உண்டா என்று. அப்னேர் பதில் சொல்கிறார்: தடைக்குக் காரணம் அப்பம் கொண்டு எதிர்கொண்டு வராதது. வழியில் போய் எதிர்கொள்வது ஆண்களின் வேலை, பெண்கள் மேல் குற்றம் இல்லை. தோவேக்கு விடவில்லை. ஆண்கள் ஆண்களை எதிர்கொண்டிருக்கலாம், பெண்கள் பெண்களை எதிர்கொண்டிருக்கலாமே என்கிறார். அப்னேரிடம் பதில் இல்லை. கடைசியில் ஒருவர் இடுப்பில் வாளைக் கட்டிக்கொண்டு வந்து, மோவாபியன் மட்டும்தான் தடை, பெண் இல்லை, இது சாமுவேலின் நீதிமன்றத்திலிருந்து வந்த தீர்ப்பு, ஏற்காதவனை வெட்டுவேன் என்று நின்ற பிறகே வழக்கு முடிகிறது. தங்கள் தீர்வு வாதத்தில் மட்டும் ஜெயிக்கவில்லை என்று ரப்பிகளே எழுதி வைத்திருக்கிறார்கள். இந்த நேர்மை பட்டியல் போடுகிறவர்களிடமும் இல்லை, ஒட்டுப்போடுகிறவர்களிடமும் இல்லை.

இதிலும் சுவாரஸ்யமான இன்னொரு வழக்கு மிஷ்னாவின் யாதாயிம் பகுதியில் (4:4) இருக்கிறது. யூதா என்ற அம்மோனியர், யூத மார்க்கத்துக்கு வந்தவர், படிப்பு மண்டபத்தில் எழுந்து நின்று நான் சபைக்குள் வரலாமா என்று கேட்கிறார். ஆண். அதனால் இலக்கண வழி அடைபட்டது. ரப்பான் கமாலியேல் உபாகம வசனத்தைக் காட்டி, கூடாது என்கிறார். ரப்பி யோசுவா கேட்கிறார்: அம்மோனியரும் மோவாபியரும் இன்னும் தங்கள் இடத்திலேயே இருக்கிறார்களா? அசீரிய ராஜா சனகெரிப் வந்து எல்லா ஜனங்களையும் கலக்கிவிட்டானே. கமாலியேல் எரேமியா 49:6-ஐ எடுக்கிறார், அம்மோனியர் திரும்பி வருவார்கள் என்று இருக்கிறதே என்று. இஸ்ரவேலும் திரும்பும் என்றும்தான் எழுதியிருக்கிறது, இன்னும் திரும்பவில்லையே என்று யோசுவா மடக்குகிறார். யூதாவை உள்ளே சேர்த்துக்கொண்டார்கள்.

வசனம் அப்படியே இருக்கிறது. அது யாரைப் பற்றிச் சொன்னதோ அந்த ஆளே இன்று உலகத்தில் இல்லை என்று சொல்லிவிட்டார். எங்கள் மென்பொருள் வேலையில் ஒரு பழைய நிபந்தனையை அழிக்கப் பயந்து அப்படியே விட்டுவைப்போம். அது ஓடவே முடியாத நிலைமையை மட்டும் சுற்றிலும் உருவாக்கிவிடுவோம். ஆறு வருடம் கழித்து வரும் புதுப் பையன் இது எதற்கு இங்கே இருக்கிறது என்று கேட்பான். அந்தப் பையன்தான் முரண்பாட்டுப் பட்டியல் போடுகிறவர்.

ஏசாயா 56-ஐ வேகமாகப் பார்த்துவிடலாம், ஏனென்றால் அங்கே ஒளிவுமறைவே இல்லை. உபாகமம் 23 முதலில் தடுப்பது விதை நசுக்கப்பட்டவர்களை, பிறகு அந்நியர்களில் சிலரை. ஏசாயா 56:3-7 பேசுவதும் அதே இரண்டு கூட்டத்தைப் பற்றி. அண்ணகர்களும் அந்நியர்களும் ஓய்வுநாளைக் காத்து உடன்படிக்கையைப் பிடித்துக்கொண்டால் இருவருக்கும் ஆலயத்தில் இடம் உண்டு என்கிறது. இந்த ஜோடி தற்செயலாக அமைந்ததாகத் தெரியவில்லை. கர்த்தர் என்னைத் தம் ஜனத்திலிருந்து பிரித்துவிடுவார் என்று அந்நியன் பயப்பட வேண்டாம் என்னும் இடத்தில் வரும் எபிரேய வினை, எஸ்றா 9:1, 10:11, நெகேமியா 13:3 ஆகிய இடங்களில் பிரிந்திருப்பதற்கும் பிரித்து விலக்குவதற்கும் வரும் அதே வேர். யார் யாருக்குப் பதில் சொன்னார்கள் என்று காலத்தை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ரூத்தின் காலத்திலும் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து கிடையாது. ஆனால் பேச்சு ஒரே பேச்சு.

இனி மத்தேயு. 10:5-க்கும் 28:19-க்கும் இடையிலான முரண்பாட்டில் பட்டியல்காரர்கள் பக்கம் பலம் குறைவு. முதலில் ஒரு பயணத்துக்கான உத்தரவு, முடிவில் வேறு உத்தரவு. கதைக்குள் நேரம் மாறியிருக்கிறது, ஒட்டுப்போடுகிறவர்கள் சொல்வது இங்கே சரிதான். (இடையில் ஒரு விஷயம். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் வரும் ஜாதி, புறஜாதி என்ற சொற்களை இன்றைய சாதியாகப் படித்துவிட்டு வாதம் செய்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அது இனம், தேசம் என்ற பொருளில் வருவது. எபிரேயத்தில் அதற்கு இருக்கும் கோய் என்ற சொல் ஆதியாகமம் 12:2-இலும் யாத்திராகமம் 19:6-இலும் இஸ்ரவேலையே குறிக்கிறது.)

மத்தேயுவில் உண்மையான சிக்கல் அதிகாரம் 15-இல் இருக்கிறது. மகளுக்காகக் கெஞ்சி வரும் அந்நியத் தாயின் கதை. இதே கதை மாற்கு 7-இலும் உண்டு. மாற்குதான் முதலில் எழுதியது, மத்தேயு அதைப் பயன்படுத்தினார் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. அப்படியானால் மத்தேயு என்ன மாற்றினார் என்று இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடலாம். மாற்கில் அவள் கிரேக்கப் பெண், சீரோபேனிக்கிய இனம். மத்தேயு அவளைக் கானானியப் பெண் ஆக்குகிறார். முதல் நூற்றாண்டில் தன்னைக் கானானியர் என்று சொல்லிக்கொண்டு ஒரு தேசத்தார் கிடையாது. உபாகமம் 7-இல் இரக்கம் காட்டாமல் அழிக்கச் சொன்ன ஏழு ஜனங்களில் ஒன்றின் பெயர் அது. மாற்கில் இயேசு பிள்ளைகள் முதலில் சாப்பிடட்டும் என்கிறார். அந்த முதலில் என்பதற்குள் அப்புறம் மற்றவர்களுக்கும் உண்டு என்பது ஒளிந்திருக்கிறது. மத்தேயு அதை எடுத்துவிடுகிறார். மாற்கில் இல்லாத இன்னொன்றைச் சேர்க்கிறார்: தாம் இஸ்ரவேலின் காணாமற்போன ஆடுகளுக்கு மட்டுமே அனுப்பப்பட்டதாக இயேசு சொல்வது (15:24).

அதாவது மத்தேயு சிக்கலை மறைக்கவில்லை, முறுக்கி இறுக்குகிறார். எல்லாக் கதவையும் சாத்திவிட்டு அந்தத் தாயை வாதாட விடுகிறார். அவள் ஜெயிக்கிறாள். தன் நூலின் முதல் பக்கத்து வம்சாவளியிலேயே ரூத்தையும் எரிகோவின் ராகாபையும் பெயர் சொல்லிச் சேர்த்தவர் இப்படிச் செய்வது தெரியாமல் நடந்ததாக இருக்காது. ஆனால் 21:13-இல், மாற்கு 11:17-இல் இருக்கும் எல்லா ஜனங்களுக்கும் என்ற சொற்களை இதே மத்தேயு விட்டுவிடுகிறார். அது ஏசாயா 56:7-இலிருந்து வருவது. ஏன் விட்டார் என்பதற்குத் திருப்தியான விளக்கம் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

28:19-க்கு வேறு ஒரு தொல்லையும் உண்டு. அந்தக் கட்டளை எல்லாச் சீடர்களுக்கும் தெரிந்திருந்தால், அப்போஸ்தலர் 10-இல் ஒரு ரோம அதிகாரியின் வீட்டுக்குள் போகப் பேதுருவுக்குத் தரிசனம் எதற்கு? திரும்பி வந்ததும் எருசலேமில் இருந்தவர்கள் அவரைக் கேள்வி கேட்டது எதற்கு? அதிகாரம் 15-இல் இதே விஷயத்துக்காகக் கூட்டம் போட்டுப் பேசியபோது ஒருவர்கூட அந்தக் கட்டளையை எடுத்துக் காட்டவில்லை. பேதுரு தன் அனுபவத்தைச் சொல்கிறார். யாக்கோபு ஆமோஸ் 9:12-ஐ எடுக்கிறார், அதுவும் கிரேக்க மொழிபெயர்ப்பில் இருக்கும் வடிவத்தில். எபிரேயத்தில் ஏதோமின் மீதியானவர்களை இஸ்ரவேல் சுதந்தரித்துக்கொள்வதாக இருக்கிறது. கிரேக்கத்தில் மனிதரில் மீதியானவர்கள் கடவுளைத் தேடுவதாக இருக்கிறது. ஏதோம், ஆதாம் (மனிதன்) இரண்டும் எபிரேய எழுத்தில் ஏறக்குறைய ஒன்றே. சுதந்தரிக்க, தேட என்ற வினைகளுக்கும் ஒரே எழுத்துதான் வித்தியாசம். புறஜாதியார் யூதராக மாறாமலே உள்ளே வரலாம் என்ற முடிவுக்குப் பின்னால் இப்படி ஒரு வாசிப்பு இருக்கிறது. பட்டியல்களில் இதை நான் பார்த்ததில்லை. 10:5-ஐவிட இது எவ்வளவோ கனமானது.

எஸ்றாவைக் கடைசிக்கு வைத்தேன். மற்ற எல்லாமே வாதம். இது மட்டும் ஆட்களை வீட்டை விட்டு அனுப்பிய கதை. எஸ்றா எதிர்த்தது இனத்தை இல்லை, விக்கிரகத்தை என்ற பதிலை இங்கேதான் சோதித்துப் பார்க்க வேண்டும். 9:1-இல் அந்நிய ஜனங்களின் அருவருப்புகள் என்ற பேச்சு வருகிறது, உண்மை. ஆனால் அடுத்த வசனத்தின் குறை, பரிசுத்த வித்து கலந்துவிட்டது என்பது. வித்து என்றால் வம்சம். எந்தப் பெண்ணிடமாவது நீ யாரை வணங்குகிறாய் என்று கேட்டதாக இரண்டு அதிகாரத்திலும் ஒரு வரி இல்லை. ரூத் மாதிரி உன் ஜனம் என் ஜனம் என்று சொல்லத் தயாராக இருந்த ஒருத்தி அவர்களில் இருந்தாளா என்று தெரிந்துகொள்ள வழியே வைக்கவில்லை. ரப்பிகளின் இலக்கண விலக்கும் இங்கே செல்லாது. இங்கே அனுப்பப்படுவது பெண்கள்தான். நெகேமியா 13-இல் அடியும் முடிபிடுங்கலும் நடந்ததும் அஸ்தோத், அம்மோன், மோவாப் பெண்களைக் கட்டியதற்காகத்தான்.

ஒன்பதாம் மாதம் இருபதாம் தேதி, ஆலயத்து முன் திறந்தவெளியில் ஜனங்கள் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், விஷயத்தின் பயத்தாலும் மழையாலும். இது ஒரு நாளில் முடிகிற வேலை இல்லை என்று விசாரணைக் குழு அமைக்கிறார்கள். அது மூன்று மாதம் உட்கார்ந்து விசாரிக்கிறது. யோனத்தானும் இன்னொருவரும் மட்டும் இதில் நின்றார்கள் என்று 10:15 சொல்கிறது. அந்த எபிரேயத் தொடருக்கு எதிர்த்து நின்றார்கள் என்றும் பொருள் கொள்ளலாம், பொறுப்பேற்று நின்றார்கள் என்றும் கொள்ளலாம். 1611-ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு இரண்டாவதை எடுத்தது. இன்றைய மொழிபெயர்ப்புகள் பெரும்பாலும் முதலாவதை எடுக்கின்றன. ஒரே வரியில் கலகக்காரர் அதிகாரியாகிவிடுகிறார்! பெண்களையும் அவர்கள் பெற்ற பிள்ளைகளையும் அனுப்பிவிடலாம் என்று யோசனை சொன்ன செக்கனியா, ஏலாம் வம்சத்து யெகியேலின் மகன். குற்றவாளிப் பட்டியலில் அதே ஏலாம் வம்சத்தில் ஒரு யெகியேல் இருக்கிறார் (10:26). அதே ஆளா என்று உரை சொல்லவில்லை.

பட்டியலில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்களின் பெயர்கள், ஆசாரியர், லேவியர், பாடகர், வாசல்காவலர் என்று வகை பிரித்து. ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை. கடைசி வசனம் 10:44. அந்த எபிரேயம் குழப்பமானது. இவர்கள் எல்லோரும் அந்நிய மனைவிகளைக் கொண்டிருந்தார்கள், அவர்களில் பிள்ளை பெற்றவர்களும் உண்டு என்கிற அளவில் எப்படியோ பொருள் வருகிறது. இதே நிகழ்ச்சியைச் சொல்லும் பழைய கிரேக்க நூலான எஸ்திராஸ் முதல் நூலில், பிள்ளைகளோடு அவர்களை அனுப்பிவிட்டார்கள் என்று அதே இடத்தில் தெளிவாக இருக்கிறது (9:36). எபிரேய எஸ்றாவில் அப்படி ஒரு வாக்கியம் இல்லை. மனைவிகள், பிள்ளைகள் என்று சொன்னதோடு புத்தகம் நின்றுவிடுகிறது.